வெள்ளத்துக்கு முன்பே விழுந்திருந்த விரிசல்: புதுச்சேரியில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கரையேறிய பிறகும் விலகிச் செல்லாமல் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிலைகொண்டதால், நகரத்தில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாழ்வான பகுதியான ரெயின்போ நகரில் ஒரு வீட்டு முகப்பில் நிறுத்தப்பட்டிருந்த 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார், அன்றிரவு சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் மூழ்கும் உயரத்துக்குத் தண்ணீரில் நின்றது. அந்தக் காரை மீட்டெடுத்த வேலையின் பதிவு இது. ஆனால் இதை எழுதுவதற்கான காரணம் வெள்ளம் மட்டுமன்று. வெள்ளம் செய்த சேதம் முழுவதும் பொறுமையும் துணியும் எண்ணெயும் இருந்தால் சீர்செய்யக்கூடியதாக இருந்தது. ஓட்டுபவரின் உயிரைப் பறித்திருக்கக்கூடிய பழுதோ வெள்ளத்துக்கு வெகுகாலம் முன்பே இடது முன்சக்கரத்தில் உருவாகி, யாருடைய கண்ணிலும் படாமல் இருந்தது. அது எப்படி உருவானது, ஏன் தெரியாமல் இருந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே இந்த ஆய்வின் மையம்.

காரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவருடைய தந்தை புதிதாக வாங்கிய கார் இது. அவருக்குப் பின் மகளிடம் வந்தது. பெயர் குறிப்பிடாமல் எழுத ஆசிரியை ஒப்புதல் அளித்திருக்கிறார். உதவிக்கு வந்தவர்கள் புதுச்சேரி, கடலூர், நெய்வேலி ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களும் அவர்களுக்கு வேலை செய்து கொடுப்பவர்களும் அடங்கிய ஒரு சிறிய வட்டத்தினர். முதலியார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பஞ்சாலை ஃபிட்டர் ஒருவர், கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் மெக்கானிக் ஒருவர், நெய்வேலியில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர், இவர்களோடு இதே ஹெரால்டில் பழைய இரண்டு கதவு மாதிரியை வைத்திருக்கும் நான். பணிமனைக் கையேடு என்னிடம் இருந்ததால் குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

காரின் அமைப்பு

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரித்தது. இந்தியாவுக்கென்றே நான்கு கதவுகளோடு வடிவமைக்கப்பட்ட மார்க் 3 வந்தது 1968இல். அம்பாசடரும் ஃபியட்டும் நாடெங்கும் ஓடிய காலத்தில், தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த கார் என்று சொல்லத்தக்கதாக இருந்தது இதுதான். என் தலைமுறையினர் பலருக்கு இதன்மேல் இருக்கும் பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

எஞ்சின் எளிமையானது: 948 சிசி, நான்கு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). இந்தக் காரைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கட்டுமானம். கார் உடலை ஒரே துண்டாக அழுத்தித் தரும் ஆலை 1953இல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்தார் தனியாக ஓர் அடிச்சட்டத்தை (சேஸிஸ்) செய்து, உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு அதன்மேல் பூட்டினார்கள். நெருக்கடியில் எடுத்த அந்த முடிவுதான் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டு முகப்பில் வைத்தே இந்தக் காரைப் பிரித்து வேலை செய்ய வழிவிடுகிறது. மட்கார்டுகள் உட்பட முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்ளும்; எஞ்சினும் முன்சக்கர அமைப்பும் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையக்கூடிய சஸ்பென்ஷன். பின்பக்கம் குறுக்கே ஒரே இலைவில் (லீஃப் ஸ்பிரிங்). முன்சக்கரங்கள் அதிகக் கோணத்தில் திரும்புவதால் சுமார் 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துவிடும். வெள்ளை நகரத்தின் குறுகிய தெருக்களில் இதை ஓட்டியவர்கள் அந்தச் சுகத்தை மறக்க மாட்டார்கள். அவ்வளவு கோணத்தில் திருப்ப உதவும் மூட்டுதான் இந்த ஆய்வின் நாயகமான பாகம்.

தண்ணீர் வடியுமுன் எடுத்த முடிவுகள்

நீர் இன்னும் முகப்பில் நின்றபோதே ஆசிரியை முதுநகர் மெக்கானிக்கைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை: “டீச்சர், சாவியத் தொடாதீங்க. பாட்டரி வயர மட்டும் கழட்டி வச்சிடுங்க, மத்தது நாங்க வந்து பாத்துக்கறோம்.” தென்பெண்ணையாற்றில் வெள்ளம் பெருகியிருந்ததால் கடலூர்ப் பக்கத்திலிருந்து யாரும் உடனே வர முடியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லே காரைப் பாதி காப்பாற்றியது என்பேன். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், அமுங்காத நீரைத் தள்ள முயலும் பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். எஞ்சின் நனையாவிட்டாலும் நனைந்த ஸ்டார்ட்டர் மோட்டாரிலும் வயர் இணைப்புகளிலும் மின்சாரம் பாய்ந்தால் சேதம் இரட்டிப்பாகும். வயரைக் கழற்றுமுன் எந்த முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படமெடுத்துக்கொள்ளும்படியும் சொன்னோம். அக்காலத்து பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கப்படி மாற்றிப் பூட்டினால் டைனமோவும் அதைச் சார்ந்த கருவிகளும் கெடும்.

நீர் வடிந்த பிறகு முதல் வேலை, நல்ல தண்ணீரால் கழுவுவது. தெருவில் நின்றது மழைநீர் மட்டுமன்று, சாக்கடையும் சேற்றுமண்ணும் கலந்தது. அது காய்ந்தால் சட்டத்தின் பெட்டிப் பகுதிகளுக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண்ணாகிவிடும். சட்டத்தின் அடியிலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை உள்ளே குழாய் விட்டுக் கழுவினோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மேல் கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளி எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தோம். தடையின்றிச் சுழன்றது. எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பின் எண்ணெயில் நீர்க் கலப்பு இல்லை. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் இருந்து வடிந்ததோ மோர்போல வெளுத்திருந்தது. அதில் இருமுறை மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றி வடித்த பிறகே புதிய எண்ணெய் ஊற்றினோம்.

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அவற்றைத் திறந்து, ஷூக்களைக் காயவைத்து, வீல் சிலிண்டர்களைப் பிரித்து, திரவத்தை முழுவதும் மாற்றினோம். பிரேக் திரவம் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வெள்ளம் கண்ட காரில் அதை விட்டுவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ரப்பர் வாஷர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தாது எண்ணெய் பட்ட அந்த ரப்பர் ஊதிப் பெருத்துப் பிரேக்கைப் பிடித்தபடியே நிறுத்திவிடும். ஸ்பிரிட்டோ புதிய பிரேக் திரவமோதான் அதற்கு ஏற்றது.

இந்த வேலைகளின்போது இன்னொன்றும் தெரியவந்தது. காரின் அடிப்புறத்தில் முனைகள் உருண்டு தேய்ந்த நட்டுகள் ஏராளம். ஹெரால்டின் நட்டும் போல்ட்டும் அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13ஆம் எண் ஸ்பானர் நுழைந்துவிடும், இறுக்கிப் பிடிக்காது. பல ஆண்டுகள் பல கைகள் அப்படிச் செய்ததன் தடயம் அது. ஒரு காரின் கடந்தகாலத்தை அறிய அதன் நட்டுகளைப் பார்த்தாலே போதும் என்று பஞ்சாலை ஃபிட்டர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். இந்த நட்டுகளைத் திறந்த கைகள் இந்தக் காரை அறிந்த கைகள் அல்ல என்ற சந்தேகம் அப்போதே எங்களுக்கு எழுந்தது. பின்னால் கண்ட உண்மைக்கு அதுவே முன்னறிகுறி.

இடது முன்சக்கரம்

எஞ்சின் எழுந்த பிறகு, காரைத் தெருவில் மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் கனமாக இருந்தது. திருப்பிய பிறகு தானாக நேருக்கு வரவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கத்தில் ஒரு தட்டும் ஓசை. ஆசிரியையிடம் விசாரித்தபோது, கனம் வெள்ளத்துக்கு முன்பே இருந்தது என்றும், ஒரு பட்டறையில் காட்டியபோது டயரை மாற்றி, முன்பக்கம் முழுவதும் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள் என்றும் சொன்னார். கிரீஸ் அடித்த பிறகு சில வாரங்கள் இலகுவாக இருந்து, பிறகு முன்னைவிடக் கனமாகியிருக்கிறது.

இங்கே எங்கள் வட்டத்துக்குள் கருத்துகள் பிரிந்தன. ஸ்டீயரிங் ரேக்கில் (திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டத்தில்) நீர் புகுந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். வீல் பேரிங் போயிருக்கிறது என்றார் மற்றொருவர். டயர்க் காற்றழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார் மூன்றாமவர். எனக்கோ கையேட்டில் படித்த ஒரு பாகத்தின்மேல் சந்தேகம். நட்பு வட்டத்தில் நடக்கும் பழுதுபார்ப்பில் ஆபத்தான கட்டம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஒவ்வொருவரும் அனுபவசாலி, ஒவ்வொருவரும் அன்போடு வந்தவர், ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் நினைப்பார். கடைசியில் வயதில் மூத்தவர் சொன்னது முடிவாகிவிடும். அதைத் தவிர்க்க ஆசிரியையே ஒரு விதி வகுத்தார். யார் எதைச் சொன்னாலும், அது சரியா தவறா என்று காட்டும் சோதனையையும் அவரே சொல்ல வேண்டும். சோதனை எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். முடிவு நோட்டில் ஏற வேண்டும். கணக்குப் பாடம் நடத்தியவருக்கு நிரூபணம் இல்லாத விடையில் நம்பிக்கை இருக்காது என்பது இயல்பே.

அப்படியே செய்தோம். காற்றழுத்தம் சரியாக இருந்தது. ரேக்கின் இரு முனைகளையும் விடுவித்து ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது அது இலகுவாக ஓடியது; ஆக, கனம் ரேக்கில் இல்லை, சக்கர மூட்டில் இருக்கிறது. அடுத்தது பேரிங் சோதனை. முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. அதே வேளையில் ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுபடி ஆட்டிப் பார்த்தோம். பிரேக் பிடித்த நிலையில் டிரம்மும் அதன் பின்தட்டும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். ஆட்டம் மறையாவிட்டால் அது பேரிங்குக்கு அப்பால், மேல் பந்துமூட்டிலோ கீழ் மூட்டிலோ இருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் ஆட்டம் ஏறக்குறைய மறைந்தது. இடப்பக்கம் அப்படியே இருந்தது. மேல் பந்துமூட்டில் கைவைத்துப் பார்த்தபோது அது அசையவில்லை. எஞ்சியது கீழ்மூட்டு ஒன்றே. கருவி ஏதும் வேண்டாத இந்தச் சோதனையைப் பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கீழ்மூட்டின் அமைப்பு இது. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் பெயர் வெர்ட்டிகல் லிங்க். அதன் மேல்முனை பந்துமூட்டில் நிற்கிறது. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை ட்ரனியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு வெண்கலத்துக்குள் திருகாணியாகச் சுழல்கிறது. இடப்பக்கத்துக்கு ஒரு திசை மரை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசை மரை. காரின் முன்பகுதி எடையும் பள்ளத்தில் விழும் அடியும் பிரேக் போடும்போது ஏற்படும் முறுக்கும் அந்த மரைப்பகுதி வழியேதான் போகின்றன.

இந்த மூட்டுக்குத் தயாரிப்பாளர் விதித்திருப்பது கிரீஸ் அன்று, 90ஆம் எண் கியர் எண்ணெய். வெண்கலக் கட்டையின் அடியில் எண்ணெய் தேங்க இடம் உண்டு. தண்டு சுழலச் சுழல அது மரை முழுவதும் ஏறும். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கைபழகிய மெக்கானிக்குகளுக்கு இது தெரிவதில்லை. அவற்றில் முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் இருக்கும் இடம்போல ஒரு நிப்பிள் (மசகு ஏற்றும் சிறு முனை) தெரிகிறது, கிரீஸ் அடிக்கிறார்கள். கிரீஸ் மரைகளுக்கு இடையே ஏறாது. காலப்போக்கில் காய்ந்து எண்ணெய் போகும் வழியையும் அடைத்துவிடும். மேலே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்தால் மழைநீர் இறங்கி, கிரீஸுக்கு அடியில் வெளியேற வழியின்றித் தங்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டால் மரையின் வேரில் துருக்குழிகள் விழும். துருக்குழி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்குவதற்கான இடம்.

இடப்பக்க மூட்டைக் கழற்றியபோது கண்டது இதைத்தான். வெளியே புதிய கிரீஸ் பளபளத்தது. உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. அதற்கும் கீழே துருநிறத் தண்ணீர் நின்றது. மரையின் முனைகள் கூர்மை இழந்திருந்தன. என்னிடம் மாற்றாக இருந்த ஒரு நல்ல லிங்க்கை அருகில் வைத்து வெர்னியரில் அளந்தபோது தேய்மானம் உறுதியானது. நெய்வேலி நண்பர் அதோடு நிற்கவில்லை. தம்மோடு கொண்டுவந்திருந்த டை பெனட்ரண்ட் புட்டிகளை எடுத்தார். பாகத்தைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டு, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால், விரிசலுக்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வெளிவரும். மரை முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில், சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு அந்தக் கோடு எழுந்தது.

அந்தத் தண்டு முறிந்தால் சக்கரம் உள்பக்கமாக மடிந்து காரின் மூலை தரையில் விழும். ஆசிரியை வெள்ளத்துக்கு முந்தைய வாரம்கூட இந்தக் காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிச் சென்றிருந்தார்.

ஒட்டுவதா, மாற்றுவதா

உள்ளூர்க் கடைசல் பட்டறை ஒன்று, விரிசலை வெல்டு வைத்து மரையை மறுபடி வெட்டித் தருவதாகச் சொன்னது. செலவும் மிகக் குறைவு. நெய்வேலி நண்பர் மறுத்தார்: அடித்து உருவாக்கிய எஃகில் வெல்டிங் வெப்பம் பாய்ந்தால் அதன் உறுதி மாறும், வெல்டின் ஓரமே அடுத்த விரிசலின் பிறப்பிடமாகும். முதுநகர் மெக்கானிக் இன்னும் நேராகச் சொன்னார்: “இத ஒட்டி மாட்டச் சொன்னா நான் மாட்ட மாட்டேன் டீச்சர். படகுல ஒண்ணு ஒடஞ்சா நங்கூரம் போட்டு நிக்கலாம். ரோட்டுல அதுக்கு வழி கிடையாது.” பணம் பண்ண வாய்ப்பிருந்த வேலையை மறுத்த இந்தச் சொல், எங்கள் வட்டத்தின் மொத்த மதிப்பையும் எனக்குக் காட்டியது.

சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடியதில் புஷ், ரப்பர் வளையம் போன்ற சில்லறைப் பொருள்கள் கிடைத்தன, லிங்க் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கார்களை விரும்புவோர் இன்றும் பெரும் எண்ணிக்கையில் இருப்பதால் வெண்கல ட்ரனியன்கள் அங்கே புதிதாக வார்த்து விற்கப்படுகின்றன, அவற்றை வரவழைத்தோம். லிங்க் இரண்டும் கோயம்புத்தூரில் ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவரின் சேமிப்பிலிருந்து வந்தன. அவற்றையும் அப்படியே பூட்டவில்லை. சாயச் சோதனை செய்தோம். புதிய ட்ரனியனில் கையால் திருகி ஆட்டம் பார்த்தோம். வந்த இரண்டும் ஒரே திசை மரையுடையவை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்றைத் திருப்பி அனுப்பி, எதிர்த்திசை மரையுள்ளதைப் பெற்றோம்.

பூட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ட்ரனியனை லிங்க்கில் முழுவதும் ஏற்றி இறுக்கிவிடக்கூடாது. கடைசிவரை ஏற்றிய பிறகு, சக்கரம் இருபுறமும் முழுமையாகத் திரும்ப இடமிருக்குமாறு சிறிது பின்வாங்கி விட வேண்டும். அப்படி விடாவிட்டால், ஸ்டீயரிங்கை முழுவதும் வெட்டும்போது மரை முட்டிக்கொண்டு, நாம் தவிர்க்க விரும்பிய அதே முறுக்கு அதே இடத்தில் விழும். இரு பக்கமும் பூட்டிய பின் கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் எண்ணெயை நிரப்பி, மேல் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் கசியும்வரை ஏற்றினோம். அந்தக் கன் இனி இந்த வேலைக்கு மட்டுமே. இரு நிப்பிள்களின் அருகிலும் சிவப்பு வண்ணம் பூசி, ‘எண்ணெய் மட்டும்’ என்று எழுதிய தகட்டை முன்மூடிக்குள் ஆணியடித்து வைத்தார் ஃபிட்டர். நாளைக்கு வேறு கை இந்தக் காரைத் தொட்டாலும் அந்தத் தகடு பேசும். கனமும் தட்டும் ஓசையும் நீங்கின. திருப்பிவிட்டால் சக்கரம் தானாக நேருக்கு வருகிறது.

எரிபொருள், மின்சாரம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. இந்தக் கார் உருவான காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்கு ஏற்றவை அல்ல. மெல்ல இளகிக் கசியும். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். கடலோர ஊரில் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் நீர் அடியில் பிரிந்து துருவை வளர்க்கும். எனவே குழாய்களையும் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். வெளித்தோற்றமும் மூல அமைப்பும் மாறக்கூடாது என்று வாதிடுவோர் எங்களிடையேயும் உண்டு. ஆனால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிவதை மூல அமைப்பின் பெயரால் சகித்துக்கொள்ள முடியாது. வயரிங்கில் நனைந்த இணைப்புகளை மாற்றி, தடித்த எர்த் வயர் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்ததோடு சரி.

பதிவு எந்த வகையில்?

மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைத் தனிவகையாகப் பதிவு செய்யலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். இந்தக் கார் அதற்குத் தகுதியானது. வட்டத்தில் பலரும் அதையே பரிந்துரைத்தார்கள். ஆனால் அந்த வகையில் பதிவான வாகனத்தைக் கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஆசிரியைக்கு இது சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் கார். ஆகவே அவர் வழக்கமான பதிவையே தொடர்ந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள முடிவு செய்தார். நான் அதை ஆதரிக்கிறேன். மாதத்தில் சில முறையாவது ஓடும் காரில் ரப்பர் வளையங்கள் காய்வதில்லை, எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகிறது, புதிய ஓசை எழுந்தால் உடனே காதில் விழுகிறது.

உதவியின் கணக்கு

பழைய கார் வட்டங்களில் பேசத் தயங்கும் பொருள் இது. எங்களில் மூவர் ஓய்வூதியத்திலோ வேறு வருமானத்திலோ வாழ்பவர்கள். நேரத்தைக் கொடுப்பது எங்களுக்கு இன்பம். முதுநகர் மெக்கானிக்குக்கு இதுவே பிழைப்பு. அவர் எங்களோடு அமர்ந்து காபி குடிக்கிறார் என்பதற்காக அவருடைய நாள்கூலியை ‘நட்பு’ என்று விழுங்கிவிடக்கூடாது. அவர் வந்த ஒவ்வொரு நாளுக்கும் படகு வேலைக்கு வாங்கும் அதே கூலி கொடுக்கப்பட்டது. முதலில் மறுத்தவரை ஆசிரியை பிடிவாதமாக வாங்கவைத்தார். திறமையான கைகளைக் கூலியில்லாமல் கரைத்துவிட்டு, மெக்கானிக் கிடைப்பதில்லை என்று புலம்பும் வட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொறுப்பும் அப்படித்தான். நண்பர்கள் சேர்ந்து பூட்டிய சக்கரம் கழன்றால் யார் பதில் சொல்வது? ஆசிரியையின் நோட்டில் இதற்கும் ஒரு பத்தி உண்டு. ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் சார்ந்த ஒவ்வொரு நட்டையும் ஒருவர் இறுக்கி, மற்றொருவர் சரிபார்த்து, இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் எல்லோரும் ஒருமுறை கூடுதலாகக் குனிந்து பார்த்தார்கள். அந்தக் குனிதலில்தான் பின்சக்கரம் ஒன்றில் நட்டைக் கழலாமல் பூட்டும் காட்டர்பின் விடுபட்டிருந்தது தெரிந்து சரிசெய்யப்பட்டது.

இன்னும் செய்ய வேண்டியவை

வலப்பக்க லிங்க்கில் விரிசல் இல்லை. ஆயினும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றிவிட்டோம். ட்ரனியன்களுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் ஏற்றுவதென்றும், ஓட்டம் குறைவாக இருந்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் ஏற்றுவதென்றும் முடிவு. வீட்டு முகப்பின் தரையைச் சக்கர உயரத்துக்கு மேலாக உயர்த்தும் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கிறது.

பெரிய வேலை ஒன்று பாக்கி. சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகளில், இடப்பக்கப் பின்கை துருவேறி மெலிந்திருக்கிறது. சுத்தியல் முனையால் தட்டினால் மங்கிய ஓசை வருகிறது. துருமாற்றியும் மெழுகும் பூசி இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம். காற்றில் ஈரம் குறையும் பங்குனி, சித்திரையில் அதை வெட்டி எடுத்துப் புதிய தகட்டில் செய்து பற்றவைக்கத் திட்டம். வெட்டுமுன் கதவு நிலைகளுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பற்றவைத்து உடலை அசையாமல் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் கதவுகள் பொருந்தாது. அந்தக் குறுக்குச் சட்டத்துக்கான அளவுகளை நெய்வேலி நண்பர் எடுத்து முடித்துவிட்டார், ஃபிட்டர் சரிபார்த்தாயிற்று, இருவர் கையெழுத்தும் நோட்டில் இருக்கிறது.